மாசி வெயிலில் மலைத் தண்ணீர்: பாலிக் புலாவ் தோட்டத்தில் குழாய் மாற்றிய அனுபவம்

பினாங்கில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் தைப்பூசம் முடிந்ததிலிருந்து பங்குனி வரைக்கும் தீவின் நிறமே மாறிப்போகும். ரப்பர் மரங்கள் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர் விடும். ஜார்ஜ்டவுன் பக்கம் சாலையோர டெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும். இந்தப் பக்கம் பாலிக் புலாவ் மலைச்சரிவில் டுரியான் கிளைகளின் அடியில் சின்னச் சின்ன மொட்டுகள் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். எங்கள் தோட்டத்துக்கு வருஷம் பிறப்பது அப்போதுதான். ஓடைத் தண்ணீர் மெலிவதும் அப்போதுதான்.

மாமனார் வாங்கிப் போட்ட சரிவு நிலம் இது. டுரியான்தான் அதிகம். இடையிடையே ஜாதிக்காய், கிராம்பு, மேட்டில் பால் வெட்டுவதை நிறுத்திவிட்ட ரப்பர். கீழே ஆட்டுக்கொட்டகையும் கோழிக்கூண்டும், அதற்கும் கீழே சாலையோரம் எங்கள் வீடு. நடுவில் இருக்கிற இரண்டு மர வீடுகளைத் தங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூர் என்று குடும்பங்கள் வருவார்கள். ஐரோப்பாவில் குளிர் முடிவதற்குள் கிளம்பி வந்தவர்களும் சிலசமயம் வருவார்கள். டுரியான் பருவம் ஆரம்பித்தால் கை ஓயாது. அதனால் பழுது பார்க்கிற வேலையெல்லாம் இந்த வறண்ட மாதங்களில்தான். இந்த வருஷத்துப் பெரிய வேலை, மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குழாய்.

டுரியானுக்குத் தண்ணீர் விடுவதில் நேரம் பார்க்க வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நெல்லுக்குச் சொல்வார்களே, அது இதற்கும் பொருந்தும். சில வாரம் மழையில்லாமல் மண் காய்ந்தால்தான் மரம் மொட்டு வைக்கும். மொட்டு வந்து, பூத்து, பிஞ்சு பிடித்த பிறகும் காயவிட்டால் பிஞ்சு உதிர்ந்துவிடும். காய்ந்து கிடந்த மரத்துக்கு ஒரேயடியாகக் கொட்டினாலும் உதிரும். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுக்க வேண்டும். பூ விரிந்த நாளிலிருந்து பழம் விழ, ரகத்தைப் பொறுத்து மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். ஆக, ஜூன் மாதம் விருந்தாளி கையில் பழம் இருக்குமா இருக்காதா என்பது மாசி, பங்குனியில் குழாயில் தண்ணீர் வந்ததா என்பதைப் பொறுத்தது.

எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. சொட்டியது என்று சொல்லலாம். 20 லிட்டர் வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். நிறைய மூன்று நிமிஷம் ஆனது. நிமிஷத்துக்கு ஏழு லிட்டர் கூட இல்லை. 400 கேலன் தொட்டி ஏறக்குறைய 1,800 லிட்டர் பிடிக்கும். இந்த வேகத்தில் அது நிறைய நாலரை மணி நேரம் வேண்டும், அதுவும் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்தால்.

"ஓடையில தண்ணி இல்ல மாப்ள, அதான்" என்றார் மாமா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காரணத்தை முடிவு செய்வதற்கு முன்னால் ஓடையை அளந்துவிடுவது நல்லது. மேலே போய், கல்லும் மண்மூட்டையும் வைத்து ஓடையை ஒரு இடத்தில் மறித்து, முழுத் தண்ணீரும் ஒரு அகலக் குழாய் வழியாக விழுகிறமாதிரி செய்தோம். அடியில் வாளி. 18 வினாடியில் நிறைந்தது. அதாவது நிமிஷத்துக்கு 65 லிட்டருக்கு மேல். ஓடை மெலிந்திருந்தது உண்மை, ஆனால் வற்றவில்லை. பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்துசேர்கிறது. மிச்சத்தைக் குழாய்க்குள் ஏதோ ஒன்று தடுக்கிறது.

பழைய குழாய் 32 மி.மீ. கருப்பு பாலி பைப், அதாவது பாலித்தீன் குழாய். ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். ஓடைத் தண்ணீர் குழாய்க்குள் நுழைகிற எடுப்பு வாயிலிருந்து தொட்டி எத்தனை கீழே இருக்கிறது என்பதை டியூப் லெவல் வைத்து மச்சானும் நானும் படிப்படியாக அளந்தோம். கட்டுமான வேலையில் மேஸ்திரி பயன்படுத்துகிற அதே, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாய்தான். ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நான் பிடித்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தை மரத்தில் கோடு போட்டுக்கொண்டே இறங்கினோம். மொத்தம் 18 மீட்டர். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. அப்படியானால் கீழே வால்வை மூடிவிட்டு அழுத்தமானி வைத்தால் 1.8 பார் காட்ட வேண்டும். காட்டியது 1.1. ஓட்டமே இல்லாமல் வெறுமனே நிற்கிற தண்ணீர், குழாய் முழுக்கத் தொடர்ந்து இருந்தால் 1.8 காட்டியே ஆக வேண்டும். காட்டவில்லை என்றால் நடுவில் எங்கோ தண்ணீருக்குப் பதில் காற்று உட்கார்ந்திருக்கிறது.

குழாய் வழியே நடந்து பார்த்தபோது இடமும் தெரிந்தது. எடுப்பு வாயிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய பாறை. அந்தக் காலத்தில் குழாய் போட்டவர்கள் பாறையைச் சுற்றிப் போகாமல் மேலேயே ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஓடை நிறைந்து, எடுப்பு வாய் ஆழத்தில் இருக்கும்போது அதனால் தொந்தரவு இல்லை. வெயில் காலத்தில் மட்டம் இறங்கியதும், வாய் பாதி தண்ணீரையும் பாதி காற்றையும் உறிஞ்சும். அந்தக் காற்று மேட்டில் போய்த் தங்கிக் குழாயின் மேல்பாதியை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அதற்கடியில் நெருக்கிக்கொண்டு கசிந்து வரும். அதற்குக் கீழே இன்னும் இரண்டு சின்ன மேடு, இரண்டு பள்ளம். பள்ளங்களில் மணல் படிந்து குழாயே கனத்துப் போயிருந்தது. கையால் தூக்கிப் பார்த்தாலே தெரியும். நடுவே சில இடத்தில் குரங்கு கடித்து, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிய பழைய கட்டுகள்.

எடுப்பு வாயிலிருந்தே தொடங்கினோம். முன்பு இருந்தது, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று, மேலே கொசுவலை. ரப்பர் இலை உதிர்கிற மாசத்தில் அந்த வலைமேல் இலை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சுவருக்குப் பூசின சாந்துமாதிரி ஆகிவிடும். அதை எடுத்துவிட்டு 100 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு மீட்டர் துண்டு வெட்டினோம். இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அதில் குறுக்காக மெல்லிய கீறல்கள், அடிப்பக்கம் மட்டும். மேல்பக்கம் கீறவில்லை, இலை மேலாக வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. இரண்டு சுற்று துருப்பிடிக்காத எஃகு வலை. நீரோட்டத்தை எதிர்த்து வைக்காமல், ஓட்டத்தோடு நீளவாக்கில் படுக்க வைத்தோம். முன் முனை மூடி, பின் முனையில் குறுக்கி 32-க்குக் கொண்டுவந்தோம். ஓடையின் ஆழமான இடத்தில், அடிமணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கல்லுக்கு நடுவே கட்டி நிறுத்தினோம். மணலும் போகாது, மட்டம் இறங்கினாலும் காற்று போகாது.

பாறை மேட்டில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதிலிருந்து மேல்நோக்கி ஒரு 20 மி.மீ. குழாயை ரப்பர் மரத்தோடு சேர்த்துக் கட்டினோம். நுனி திறந்தே இருக்கும், பூச்சி போகாமல் வலை மட்டும். நுனியை ஓடை மட்டத்தைவிட ஒரு கை உயரத்தில் வைத்துவிட்டால் தண்ணீர் அதன் வழியாக வழிய முடியாது. உள்ளே நுழைந்த காற்று தானாக வெளியேறிவிடும். வாய்க்குப் பக்கத்து மேடு என்பதால் இது நடக்கும். கீழே உள்ள மேடுகளுக்கு இப்படிச் செய்ய வேண்டுமென்றால் பல மீட்டர் உயரக் குழாய் நட வேண்டியிருக்கும். அங்கெல்லாம் டீயில் ஒரு சின்ன உருண்டை வால்வு (ball valve) போட்டோம். குழாய் முதலில் நிறையும்போது திறந்து வைத்து, சீறல் நின்று தண்ணீர் பீய்ச்சினதும் மூட வேண்டியதுதான். பள்ளங்களிலும் அதேபோல ஆளுக்கொரு டீயும் வால்வும், ஆனால் கீழ்நோக்கி. முதல்முறை திறந்தபோது வந்தது தண்ணீரே இல்லை. காப்பிக் கசடு நிறத்தில் கெட்டிச் சேறு, அதற்குப் பின்னால் மணல், அதற்கும் பின்னால் ஒரு தவளை, உயிரோடு. அது குதித்துப் போனதும் தண்ணீர் வெளுத்தது.

பாலி பைப் இணைக்கிறவர்களுக்கு ஒன்று. முறுக்கி இறுக்குகிற கப்ளிங்கில் குழாய் நுனியைச் செங்குத்தாக வெட்ட வேண்டும், வெளி விளிம்பைக் கத்தியால் கொஞ்சம் சீவிவிட வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதற்கு முன்னால் குழாய் ஒருமுறை தட்டி நிற்கும். அதோடு விட்டால் ஒழுகும். சோப்புத் தண்ணீர் தடவி, அதையும் தாண்டி உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று முதலிலேயே குழாயில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் சந்தேகமே வராது. வெயில் படுகிற இடத்தில் வெள்ளை பிவிசி போடாதீர்கள், நாளாவட்டத்தில் உடையக்கூடியதாகிவிடும். கருப்பு பாலி தாங்கும். குரங்கு நடமாட்டம் உள்ள இடத்தில் குழாயைக் கல்லுக்கடியில் விட்டோம். காட்டுப்பன்றி கிளறுகிற இடத்தில் மண்ணுக்குள் புதைப்பதும் வீண். அங்கே மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கவிட்டோம், பள்ளம் விழாமல் சரிவாக.

எல்லாம் முடித்து வால்வை மூடி அழுத்தமானியைப் பார்த்தோம். 1.8. திறந்துவிட்டு வாளியை வைத்தால் நிமிஷத்துக்கு 40 லிட்டருக்கு மேல் வந்தது.

இங்கேதான் பாக்சிக் வந்தார். மலாய்க்காரப் பெரியவர், அந்த மொழியில் 'பாக்சிக்' என்றால் மாமா மாதிரி. எங்களுக்குக் கீழே, அதே ஓடையோரம் அவருக்கு ஜாதிக்காய்த் தோட்டமும் வாத்துகளும் உண்டு. சத்தம் போடவில்லை. "தண்ணீர் நன்றாக வருகிறதாமே" என்று மலாயில் விசாரித்துவிட்டு, ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லாமலே விளங்கியது. 65 லிட்டரில் 40 நான் எடுத்தால் அவருக்கும் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் என்ன மிஞ்சும்? அன்றே வால்வைத் திருகி, ஓடைத் தண்ணீரில் பாதிக்குக் கொண்டுவந்தேன். இப்போது 20 லிட்டர் வாளி 37 வினாடியில் நிறைகிறது. ஓடையில் பாதி ஓடையிலேயே ஓடுகிறது. ஓட்டத்தைக் குறைக்க நினைப்பவர்கள் கீழ்முனையில், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற வால்வைத்தான் திருக வேண்டும். மேலே வாயருகில் குறைத்தால் குழாய் பாதி காலியாகி, பட்ட பாடெல்லாம் வீணாகி, மறுபடியும் காற்றடைப்பு வந்துவிடும். தொட்டியில் மிதவை வால்வும் போட்டாயிற்று. நிறைந்ததும் மூடிக்கொள்ளும். முன்புமாதிரி தொட்டி வழிந்து, சகதியாகி, கொசு முட்டையிட இடம் கொடுப்பதில்லை. நாங்கள் எடுக்காத தண்ணீர் ஓடையிலேயே இருக்கும். ஒரு மலையில் நாலு பேர் விவசாயம் செய்தால் இதுதான் முறை. மிதவை வால்வுக்கு ஆகிற செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் தொட்டி. இந்த வேலையில் நான் அதிகம் யோசித்தது இதற்குத்தான். தண்ணீர் குறைந்தால் யாருக்கு முதலில் நிற்க வேண்டும்? ஒவ்வொரு வருஷமும் இதை ஓடி ஓடி வால்வு மூடித்தான் சமாளித்துவந்தோம். இந்தமுறை தொட்டியையே அதற்கேற்றபடி துளை போட்டோம். தொட்டியின் பாதி உயரத்தில் விருந்தினர் வீடுகளுக்குப் போகும் குழாய். கால்வாசி உயரத்தில் மரங்களுக்கு. அடியில், வண்டல் படிகிற மட்டத்துக்குச் சற்று மேலே, ஆட்டுக்கும் கோழிக்கும். மட்டம் இறங்க இறங்க முதலில் விருந்தினர் குளியல் நிற்கும், பிறகு மரம், கடைசிச் சொட்டு வரைக்கும் ஆடுமாடுக்கு.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "காசு குடுத்து வந்தவங்க தலையில சோப்பு போட்டுட்டு நிக்கணுமா? நல்லாருக்கா மாப்ள?"

"அவங்களுக்கு வேற வழி இருக்கு அத்தை. ஆட்டுக்கு இல்லையே."

"அந்த வழிய மொதல்ல செஞ்சு காட்டுங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விருந்தினர் வீடுகளுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி மேடையில் ஏற்றினோம். அதில் இரண்டு குழாய்கள் விழும். ஒன்று மலைத் தண்ணீர், இன்னொன்று சாலையோரத்திலிருந்து வரும் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் தனி மிதவை. மலைத் தண்ணீர் மிதவையை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்ததால், மலைத் தண்ணீர் வருகிறவரை மற்றது மூடியே இருக்கும். அது நின்று மட்டம் இறங்கினால்தான் திறக்கும். இரண்டு குழாயின் வாயும் தொட்டியின் நிறைமட்டத்துக்கு மேலே, காற்றில், ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் முடிகின்றன. இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஓடைத் தண்ணீர்க் குழாயையும் ஊர்க் குடிநீர்க் குழாயையும் ஒரு டீ போட்டு நேராக இணைக்கவே கூடாது. குடிநீரின் அழுத்தம் இறங்கும் நேரத்தில் ஓடைத் தண்ணீர் பின்னால் ஏறி, அக்கம்பக்கத்து வீட்டுச் சமையலறை வரை போய்விடும். குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்குள்ளே தனிக் குழாய், அதில் குடிநீர் மட்டும். அத்தை வந்து மலைத் தண்ணீரை மூடச் சொல்லி, குளியலறை ஷவரைத் திறந்துவைத்து, தண்ணீர் நிற்காமல் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

வீட்டு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ் வீட்டுக் குளியலறை ஓரத்துத் தரைச்சட்டம் ஒன்றைக் கறையான் அரித்திருந்தது. நடந்தால் பலகை அமுங்கும். திறந்து பார்த்தால் நுனியில் முக்கால் மீட்டர் உள்ளீடற்றுப் போய், உளியின் பின்பக்கத்தால் தட்டினாலே பொத்தென்று சத்தம் கேட்டது. கணீரென்று ஒலிக்கிற இடம் வரைக்கும் வெட்டி எறிந்தோம். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய செங்கால் (chengal) என்ற வன்மரக் கட்டை கைவசம் இருந்தது. செங்காலைக் கறையான் லேசில் தொடாது, ஆணியும் லேசில் இறங்காது. துளை போட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல மரத்தோடு 60 செ.மீ. ஒட்டிப் போகுமாறு பக்கவாட்டில் சேர்த்து, 12 மி.மீ. போல்ட்டுகளை அகல வாஷரோடு இறுக்கினோம். சிமெண்டுக் கால்களின் தலையில் தகரத் தொப்பி, ஓரம் கீழ்நோக்கிச் சரிவாக மடித்தது. கறையானை அது நிறுத்தாது. ஆனால் மண்கூடு கட்டிக்கொண்டு அந்த ஓரத்தைச் சுற்றித்தான் ஏற வேண்டும் என்பதால் கண்ணில் பட்டுவிடும். மாசம் ஒருமுறை டார்ச்சோடு குனிந்து பார்த்தால் போதும். ஈரம் வந்த வழி, குளியலறைக் கழிவுக் குழாயின் தளர்ந்த எல்போ (வளைவு இணைப்பு). அதையும் மாற்றியாயிற்று.

இந்த வேலைகள் நடக்கும்போதே விருந்தினர்களும் இருந்தார்கள். மர வீட்டில் பாதி மூடிவைத்து, வேலை நடக்கிறது என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டோம். யாரும் மறுக்கவில்லை. கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பையன் டியூப் லெவலின் ஒரு முனையை விடவே இல்லை. எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. தோட்டத்தில் தங்க வருபவரிடம் வேலையை மறைத்து, பூந்தொட்டியும் ஊஞ்சலுமாக ஒரு மேடை கட்டிக் காட்டக்கூடாது. அதைப் பார்க்கக் கடற்கரை ஓட்டல்கள் ஏராளமாக இருக்கின்றன. இங்கே வருபவருக்கு நாங்கள் கொடுக்கக்கூடியது, இந்த மாசத்தில் இந்த நிலத்தில் உண்மையாகவே நடப்பது எதுவோ அது.

மாசி, பங்குனியில் நடப்பதிலேயே பெரியது டுரியான் பூப்பது. மொட்டு கண்ணில் பட்டதிலிருந்து விரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். விரிகிற நாளில் பிற்பகல் சாயும்போது தொடங்கி, பொழுது இறங்குவதற்குள் வெண்ணெய் நிறத்தில் இதழ் பின்னால் மடங்கி, மகரந்தத் தாள்கள் குஞ்சம் குஞ்சமாக வெளியே தொங்கும். புளித்த பால் வாடையும் தேன் வாடையும் கலந்த ஒரு மணம் சரிவு முழுக்க நிற்கும். இருட்டியதும் தேன் வௌவால்கள் வரும். குகையில் தங்கி, இரவில் வெகுதூரம் பறந்து வந்து, பூவில் ஒரு கணம் தொற்றி நாக்கை நீட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும். கடலோரச் சதுப்பில் பெரெம்பாங் மரப் பூக்களுக்குப் போவதும் இவைதான். பல டுரியான் ரகங்களுக்குத் தன் ரகத்துப் பூந்தூள் சரியாகச் சேராது, வேறு ரகத்திலிருந்து வர வேண்டும். அதைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த வௌவால்கள். எங்களிடம் டி24, உடாங் மேரா, ஹோர் லோர் என்று கலந்து நிற்பது மாமாவின் புத்திசாலித்தனம். ஒரே ரகமாக முசாங் கிங் மட்டும் வைத்துவிடலாமே என்று பலர் சொன்னபோதும் அவர் கேட்கவில்லை.

விருந்தினர் வீட்டுத் திண்ணையில் ஒரு நீள டியூப் லைட் இருந்தது. அதன் வெளிச்சம் நேரே மூன்று மரங்களில் விழும். அதைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்துக் கவிழ்த்த மஞ்சள் பல்புகளை முழங்கால் உயரத்தில் வைத்தோம். படி தெரியும், கிளை இருட்டாக இருக்கும். பூ முடிகிறவரை மருந்து அடிப்பதும் இல்லை. ராத்திரி திண்ணையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் கிளைகளுக்கிடையே சிறகுச் சத்தம் கேட்கும், நிழல் போகும், அப்புறம் பொலபொலவென்று தாள்கள் உதிர்கிற சத்தம். நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, தங்கள் ஊரில் இப்போதுதான் கிழங்கிலிருந்து குரோக்கஸ் பூ தலைகாட்டும் என்று சொன்னார்கள். இரவு பதினொரு மணி வரைக்கும் அவர்கள் உள்ளே போகவில்லை.

விடிந்து பார்த்தால் மரத்தடி முழுக்க இதழும் தாளும் பாய் விரித்தாற்போல் கிடக்கும். கிளையில் சூல்தண்டு மட்டும் நிற்கும். வெயில் ஏறுவதற்குள் சுத்தமானதாகப் பார்த்துப் பொறுக்கி, மகரந்தப் பைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, இதழை அலசி, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கொஞ்சம் உலர்ந்த இறால் போட்டு அத்தை பொரியல் செய்வார். மெல்லிய இனிப்பு, லேசான கொழகொழப்பு, முருங்கைப் பூவுக்குப் பக்கத்தில் வரும் ருசி. காலைச் சாப்பாட்டில் நாசி லெமாக்கோடு (தேங்காய்ப்பால் சோறு) அதை வைத்தால் முதலில் மிஞ்சாமல் போவது அதுதான்.

ஆட்டுக்கொட்டகையிலும் இந்த மாசம் வேலை இருந்தது. தரையிலிருந்து உயர்த்திப் போட்ட சட்டத் தரை. புழுக்கை கீழே விழ, சட்டத்துக்குச் சட்டம் விரல் பருமன் இடைவெளி விட்டிருக்கும். பெரிய ஆட்டுக்கு அது சரி. பிறந்த குட்டியின் கால் அதில் மாட்டிக்கொள்ளும். ஆடு சினையாகி ஐந்து மாதத்தில் ஈனும் என்பதால், கணக்குப் பார்த்து மூலையில் ஒரு அறை தடுத்து, பழைய ரப்பர் பாயை விரித்தோம். தண்ணீர்த் தொட்டியையும் தாழ்த்தி, குட்டி விழாத அகலத்துக்கு மாற்றினோம். பால் கொடுக்கிற ஆடு குடிக்கிற தண்ணீரைக் குறைத்தால் பால் உடனே குறைந்துவிடும். அடிக்குழாயை ஆட்டுக்கு என்று நான் பிடிவாதமாக வைத்ததற்குக் காரணம் இதுதான். குட்டியைத் தூக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்திருக்கிற சட்டம் ஒன்றே. முதல் சில நாள் தாயும் குட்டியும் மட்டும். அதன் பிறகு கீழே உட்கார்ந்துகொண்டால் குட்டி தானாக மடியில் ஏறும், தூக்க வேண்டாம்.

இனி மழைக்குத் தயாராக வேண்டும். ஏப்ரலில் பிற்பகல் மழை பிடித்துவிட்டால் ஓடை ஒரே மணி நேரத்தில் நிறம் மாறும். அதற்கு முன்னால் மறிப்பிலிருக்கும் மண்மூட்டைகளில் மேல்வரிசையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் மூட்டையோடு எடுப்பு வாயையும் பெயர்த்துக்கொண்டு போகும். வாயை ஒரு நைலான் கயிற்றால் கரை மரத்தோடு கட்டிவைத்திருக்கிறேன். பெருமழை பெய்த மறுநாள் காலையில் பள்ளத்து வால்வுகளை மேலிருந்து கீழாக வரிசைப்படி திறந்து, தண்ணீர் தெளிகிறவரை விட வேண்டும். மச்சான் எல்லா வால்விலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து எண் எழுதிவிட்டார், நான் ஊரில் இல்லாதபோதும் யாராவது செய்யலாம். பிஞ்சுகள் இப்போது கோலிக்குண்டு அளவு வந்திருக்கின்றன. அவை கனக்கத் தொடங்குவதற்குள் விருந்தினர் வீட்டுக் கூரைக்கு மேலே வலை கட்ட வேண்டும். அதற்குக் கம்பமும் கம்பியும் வாங்க நாளைக்குக் காலையில் லோரி எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.